மரப்பெரணிய தூள்ல இருந்து வளர்த்தது: மூணரை வருஷக் கணக்கு

நேத்து காலையில ஸ்கேல எடுத்துட்டுப் போயி அளந்து பாத்தேன், 24 செ.மீ. இருக்கு. ஓடைக்கரையில ஜூன்ல நட்ட ரெண்டு மரப்பெரணியில (மரம் மாதிரி உசந்து வளர்ற ஃபெர்ன்) ஒண்ணு, டிசம்பர் பனியத் தாண்டி புதுசா ஒரு சுருள் விட்டு அது முழுசா விரிஞ்சிருச்சு. அந்த சந்தோஷத்துலதான் இதை எழுதுறேன். ரெண்டாவது போயிருச்சு, அதைப் பத்தி கடைசியில.

நாங்க இருக்குறது கொடைக்கானல் பெருமாள்மலைக்குப் பக்கத்துல, நாலு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறோம். வீட்டுக்குக் கீழ சரிவுல சின்ன ஓடை ஒண்ணு போகும், அது ஓரத்துல பத்தடி உயரத்துக்கு ஒரு மரப்பெரணி நின்னுச்சு, வீட்டவிட மூத்தது. வர்ற கெஸ்ட்டு எல்லாம் பனைமரமான்னு கேப்பாங்க, சில பேரு பாக்குமரம்னு அடிச்சுச் சொல்லுவாங்க. 2018 கஜா புயல்ல மேல நின்ன பெரிய பெரிய மரமெல்லாம் ரோட்டுல சாஞ்சு கெடந்துச்சு, இது ஒரு மட்டை கூட ஒடியாம நின்னுச்சு. கஜா சாய்க்காததை 2021 ஆகஸ்ட்ல நாங்க சாய்ச்சோம். மட்டையெல்லாம் கரண்ட் வயர்ல உரசுதுன்னு மாமா (வீட்டுக்காரம்மாவோட அப்பா) அருவாள எடுத்துட்டு இறங்கி உச்சியில ஒரு ரெண்டடி இறக்கிட்டாரு. நானும் பக்கத்துல ஏணியப் புடிச்சுட்டுதான் நின்னேன், அதனால அவர மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. சில்வர் ஓக்க கவாத்து பண்ணா பக்கவாட்டுல துளிர்க்குமே, அது மாதிரி வரும்னு ரெண்டு பேருமே நெனச்சோம்.

வரல. மரப்பெரணிக்கு குருத்து உச்சியில ஒண்ணே ஒண்ணுதான், தென்னைய மாதிரி. கீழ தண்டுல முளைக்குறதுக்கு கண்ணே கிடையாது. வெட்டுன இடத்தப் பாத்தப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும், மரத்துல இருக்குற வளையம் ஒண்ணு கூட இல்ல, நடுவுல வெள்ளையா மெத்துமெத்துன்னு சோறு மாதிரி, ஓரத்துல கருப்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு கோலம் போட்ட மாதிரி. வெளிய கருப்பா தடிமனா தெரியுறது பட்டை இல்ல, பூரா வேரு, அது தண்ட சுத்தி கயிறு திரிச்ச மாதிரி இறங்குது. ஜனவரி வரைக்கும் பாத்தோம். கையால தள்ளுனா ஆடுச்சு.

சரி புதுசா ஒண்ணு வாங்கிரலாம்னா மலையில கேட்ட நர்சரி எதுலயும் இல்ல. ஷோலாக் காட்டுக்குள்ள போயி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது, ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போடுவாங்க, போடுறதுதான் நியாயமும். அப்பதான் ஸ்போர்ல (பெரணிக்கு விதைக்குப் பதிலா இருக்குற தூளு) இருந்து வளர்க்கலாம்னு ஒரு வீடியோ பாத்தேன், ஆறு மாசத்துல செடின்னு போட்டிருந்தான். அவன் ஊரு எதுன்னு தெரியல, நம்ம ஊருல ஆறு மாசத்துல எதுவும் நடக்கல.

முதல் தடவை, 2022 பிப்ரவரி. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு நண்பரோட காப்பித் தோட்டம் இருக்கு, அங்க ஓடையோரமா மூணு மரப்பெரணி. இலைக்கு அடியில நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வரிசையா கடுகு கடுகா புள்ளி இருக்கும், அதுக்குள்ளதான் ஸ்போரு. நல்லா காஞ்சு பழுப்பா இருந்த மட்டையா பாத்து எடுத்தேன், முத்துனதுதானே விதைக்கு எடுப்போம். வீட்டுல வந்து தட்டுனா பழுப்புத் தூளு கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, ஒரு ஸ்பூன் தேறும். மூணு டப்பாவுல தூவி ரெண்டரை மாசம் காத்துக் கெடந்தேன், ஒண்ணும் இல்ல. பொறவு லென்ஸ் வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு, நான் விதைச்சது பூரா காலிக் கூடு. ஸ்போரு எப்பவோ பறந்து போயிருச்சு, நான் உமிய விதைச்சிருக்கேன்.

இடையில ஒண்ணு சொல்லணும், சின்ன வயசுல ரோட்டோரத்துல இருக்குற வெள்ளிப் பெரணி இலைய புறங்கையில வச்சுப் பட்டுன்னு அடிச்சா வெள்ளையா அச்சு விழும்ல, கொடைக்கானல்ல படிச்ச யாரும் அதைப் பண்ணாம இருந்திருக்க முடியாது. அந்த வெள்ளைத் தூளுதான் ஸ்போருன்னு இவ்வளவு நாளா நெனச்சுட்டு இருந்தேன். இல்லையாம், அது இலைக்கு அடியில மெழுகு மாதிரி சுரக்குற பொடி. அந்தச் செடியே நம்ம ஊருது இல்ல, அமெரிக்கா கண்டத்துல இருந்து வந்து இங்க பரவுனது.

ரெண்டாவது தடவை 2022 மே. இந்தத் தடவை லென்ஸோட போனேன் (10 மடங்கு, நகைக்கடைக்காரங்க வச்சிருக்குற மாதிரி, மதுரையில 180 ரூபா). பாக்க வேண்டியது இதுதான்: புள்ளி பச்சையா இருந்தா பிஞ்சு, பஞ்சு மாதிரி பிரிஞ்சு வெளிர் பழுப்பா இருந்தா போச்சு, நடுவுல கரும்பழுப்பா மினுமினுன்னு இறுக்கமா இருக்குற நேரத்துல எடுக்கணும். ஒரே மட்டையில அடியில ஒரு மாதிரி, நுனியில ஒரு மாதிரி இருக்கும், அதனால நாலஞ்சு எடத்துல கிள்ளிப் பாத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு துண்டு இலைய வெள்ளத்தாள்ல அடிப்பக்கம் மேல தெரியுற மாதிரி வச்சு, டேபிள் லைட்ட கிட்ட வச்சு லென்ஸ்ல பாத்தேன். அத இப்ப நெனச்சாலும் எனக்கு மயிர் கூச்செறியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொத்து, கொத்துல ஒவ்வொண்ணும் காம்பு வச்ச குட்டி உருண்டை, உருண்டைக்கு முதுகுல கம்பளிப்பூச்சி மாதிரி கட்டம் கட்டமா ஒரு பட்டி. லைட்டு சூட்டுல ஈரம் போகப்போக அந்தப் பட்டி மெல்ல பின்னாடி வளையுது, உருண்டை வாயத் தொறக்குது, முழுசா பின்னாடி சாஞ்சு நிக்குது, அப்படியே ஒரு நிமிஷம் போல சும்மா நிக்குது, திடீர்னு படக்! கவண்கல்லு விட்ட மாதிரி பழைய எடத்துக்கு வந்துருது, உள்ள இருந்ததெல்லாம் காத்துல. ஒண்ணு படக்குன்னா பக்கத்துல இருக்குறதும் அடுத்தடுத்து படக் படக்குன்னு கடுகு வெடிக்குற மாதிரி. பட்டியில இருக்குற செல்லுல தண்ணி வத்தி வத்தி இழுவிசை ஏறி, ஒரு கட்டத்துல உள்ள குமிழி விழுந்து விட்டுருதாம், அதான் படக். பொண்ணு எட்டாவது படிக்குறா, லென்ஸ என்கிட்ட இருந்து புடுங்கிட்டுப் போயி முக்கா மணி நேரம் தரல.

மீதி இலைய ரெண்டு ஏ4 பேப்பருக்கு நடுவுல வச்சு, மேல டெலிபோன் டைரக்டரி ஒண்ணு கெடந்துச்சு அத வச்சு, ரெண்டு நாள் ஃபேன் போடாத ரூம்ல விட்டேன். அப்புறம் தூள பிரிக்கணும். பேப்பர லேசா சாய்ச்சு பின்னாடி விரலால தட்டுனா உமி முதல்ல உருண்டு ஓடிரும், ஸ்போரு பேப்பரோட ஒட்டிக்கிட்டு மெதுவா வரும். முறத்துல புடைக்குறதுதான், என்ன இது கண்ணுக்குத் தெரியாத அரிசி. நாலஞ்சு தடவ தட்டுனதும் கால் ஸ்பூன்ல கால் பங்கு கூட இல்ல, ஆனா அது சுத்தமான சரக்கு. பாதிய மடிச்சு பேப்பர் பொட்டலமா கட்டி ஃப்ரிட்ஜ்ல காய்கறி தட்டுக்கு மேல வச்சேன், அதுதான் பின்னாடி என்னையக் காப்பாத்துச்சு.

விதைச்சது பிரியாணி டப்பாவுல, மூடி கண்ணாடி மாதிரி தெரியுற வகை, ஒண்ணு 8 ரூபா. கலவை: கோகோபீட் (தென்னைநார்த் தூளு) 2 பங்கு, ஆத்து மணல் 1, சலிச்ச இலைமக்கு 1. இலைமக்க தோட்டத்துல இருந்து அள்ளி அப்படியே போட்டேன், இயற்கையா இருக்கட்டும்னு. எல்லாரும் அப்படித்தானே எல்லாத்துக்கும் சொல்றோம். ஸ்போர தூவி, தண்ணிய அடியில தட்டுல ஊத்தி உறிய விட்டு, மூடி போட்டு வடக்கு ஜன்னல்ல வச்சாச்சு.

ஜூலையில பச்சை வந்துச்சு. ஆகஸ்ட்ல பச்சை நல்லா பரவி தட்டையா நாக்கு நாக்கா வளர ஆரம்பிச்சிருச்சு, நுனி ரெண்டா பிளந்து பிளந்து போகுது. வீடியோல இதய வடிவத்துல வரும்னு சொல்லியிருந்தான், பிளந்த நுனிய பாத்தா ஒரு சாயல்ல இதயம் மாதிரிதான் தெரியும், நாம பாக்கணும்னு நெனச்சா எதுதான் தெரியாது. தினம் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குரூப்புல போட்டேன். செப்டம்பர்ல அது மேல குட்டி குட்டியா கிண்ணம் வந்துச்சு, ஓரம் பல்லு பல்லா, கிண்ணத்துக்குள்ள பச்சையா முட்டை மாதிரி நாலஞ்சு. அப்பதான் நமக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு, முப்பது வருஷம் நர்சரி வேலையில இருந்தவர். டப்பாவ தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, "ஏம்ப்பா, இதைத்தான் நாங்க தொட்டியில இருந்து தினம் சொரண்டி எறிவோம், நீயி லைட்டு போட்டு வளக்குறியாக்கும்" அப்படின்னாரு.

மார்க்கான்ஷியா. லிவர்வொர்ட், ஈரச்சுவத்துல, கிணத்தடியில, தொட்டி மண்ணு மேல எல்லாம் படருமே அது. இலைமக்குல கூடவே வந்திருக்கு. நாலு மாசம் அடுத்த வீட்டுப் புள்ளைக்கு பாலூத்தியிருக்கேன். மாமா அன்னைக்கு சாயங்காலம் டீ குடிக்கும்போது, "என்னா மாப்ள, பாசிய போட்டோ புடிச்சுத்தான் குரூப்புல போட்டீகளா" அப்படின்னாரு, அருவாளோட உச்சியில ஏறுனவரு கேக்குற கேள்வி.

ஆனா ஒண்ணு, அந்தக் கிண்ணம் நல்ல சமாச்சாரம். மேல இருந்து ஒரு சொட்டு மழை கரெக்டா விழுந்தா உள்ள இருக்குற முட்டை தெறிச்சுப் போயி தள்ளி விழுந்து அப்படியே செடியாயிருது, ஆணும் வேணாம் பொண்ணும் வேணாம். சொட்டு மருந்து பில்லர வச்சு ஒரு அடி உயரத்துல இருந்து விட்டுப் பாத்தோம், பக்கத்துல வச்ச கருப்பு பேப்பர்ல ரெண்டு வந்து விழுந்துச்சு. பொண்ணு இந்த டப்பாவ தூக்கிப் போட விடல.

மூணாவது தடவை 2022 நவம்பர். ஃப்ரிட்ஜ்ல இருந்த பொட்டலம். இலைமக்கு கட், கோகோபீட் 3 மணல் 1 மட்டும். பழைய குக்கர் ஒண்ணு 350 ரூபாய்க்கு வத்தலக்குண்டுல வாங்குனேன், வீட்டுக் குக்கர்ல மண்ண வேக வச்சா நான் வெளியதான் படுக்கணும். கலவைய ஈரமாக்கி துணியில கட்டி, அடியில தண்ணி வச்சு, முதல் விசில் வந்ததும் சிம்ல முப்பது நிமிஷம். டப்பாவ கொதிக்குற தண்ணி ஊத்துனா நெளிஞ்சிரும் (ரெண்டு நெளிஞ்சிருச்சு), அதனால டெட்டால்ல கழுவி, கொதிச்சு ஆறுன தண்ணியில அலசுனேன். தூவும்போது கதவு ஜன்னல் பூரா சாத்தி, ஒரு டப்பாவுக்கு கத்தி முனையில எடுத்தா எவ்வளவு நிக்குமோ அவ்வளவுதான். மேல மண்ணு போட்டு மூடக்கூடாது, இதுக்கு முளைக்க வெளிச்சம் வேணும். ஆறு டப்பா, ஒவ்வொண்ணுலயும் தேதி.

நவம்பர் விதைக்குற மாசமே இல்ல. டிசம்பர், ஜனவரியில எங்க வீட்டுக்குள்ளயே ராத்திரி 11 டிகிரி, வெளிய புல்லு மேல வெள்ளையா பனி உறைஞ்சு கெடக்கும். ஆறு வாரமாச்சு ஒண்ணும் அசையல. மீன் தொட்டி தெர்மாமீட்டர் ஒண்ணு 150 ரூபாய்க்கு வாங்கி வீடு பூரா எங்க சூடுன்னு தேடுனேன். ஃப்ரிட்ஜ் தலை 16, டிவி செட்டாப் பாக்ஸ் மேல 22. அவ்வளவுதான், மூணு டப்பா செட்டாப் பாக்ஸ் மேல, மூணு பக்கத்து ஷெல்ஃப்ல, மேல 9 வாட்ஸ் எல்இடி பல்பு காலையில ஆறுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும். கோழிய அடை வச்ச மாதிரி வீட்டுல யாரையும் டிவி ஸ்டாண்ட் கிட்ட விடல. பிப்ரவரி ரெண்டாவது வாரம் செட்டாப் பாக்ஸ் மேல இருந்த மூணுலயும் பச்சைத் தூசி விழுந்த மாதிரி தெரிஞ்சுச்சு. ஷெல்ஃப்ல இருந்தது மூணு வாரம் பின்னாடி வந்துச்சு, அதுல ஒண்ணு பூஞ்சைக்குப் போச்சு, ஒண்ணுல சின்ன கருப்பு ஈ முட்டை விட்டு புழு வந்து அடியோட தின்னுருச்சு. மிச்சம் நாலு.

ஏப்ரல்ல இதயம் வந்துச்சு, இந்தத் தடவை நெஜமாவே இதயம். 4, 5 மி.மீ. அகலம், கண்ணாடி மாதிரி மெல்லிசு, லென்ஸ்ல பாத்தா ஒவ்வொரு செல்லும் தேன்கூடு கட்டம் மாதிரி எண்ணலாம், நடுவுல மட்டும் கொஞ்சம் தடிப்பு, அடியில ரோமம் மாதிரி வேரு. லிவர்வொர்ட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒரு தடவ பாத்துட்டா மறக்காது, அது தோலு மாதிரி தடிப்பு, மேல புள்ளி புள்ளியா துவாரம் தெரியும், கிளை பிரிஞ்சு பிரிஞ்சு போகும், இது வழவழன்னு ஒரே இதயம், ஒரு பள்ளம். நாலு டப்பாவும் பச்சைக் கம்பளம்.

அப்படியே நின்னுருச்சு. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். இதயம் இருக்கு, நல்லா இருக்கு, பெருசாகுது கூட, செடி மட்டும் வரல. உரம் பத்தலையோன்னு 19:19:19 லேசா கரைச்சு வச்சேன், இன்னும் பச்சையாச்சு. வெளிச்சம் பத்தலையோன்னு பல்ப இறக்குனேன், ஓரம் பழுத்துச்சு. பூஞ்சைக்குப் பயந்து தண்ணிய எப்பவும் அடியில தட்டுலதான் ஊத்துவேன், மேல ஒரு சொட்டு படவிட மாட்டேன், மூடியில வேர்த்து நிக்குற தண்ணிய கூட தினம் காலையில டிஷ்யூ வச்சு ஒத்தி எடுத்துருவேன், அது சொட்டுனா அழுகிரும்னு. இந்த ஒரு வரிய மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

செப்டம்பர்ல அண்ணன் மகன் லீவுக்கு வந்தான், காலேஜ்ல பாட்டனி. ஃபோல்ட்ஸ்கோப் கொண்டு வந்திருந்தான், பேப்பர்ல மடிக்குற மைக்ராஸ்கோப், ஸ்டான்ஃபோர்ட்ல மனு பிரகாஷ் டீம் பண்ணது, 140 மடங்கு காட்டும். ஒரு இதயத்த புடுங்கி தலைகீழா போட்டுப் பாத்தான். "சித்தப்பா, எல்லாம் ரெடியாத்தான் இருக்கு, நீங்கதான் தண்ணி விடல" அப்படின்னான். பள்ளத்துக்கிட்ட குட்டி புகைபோக்கி மாதிரி நீட்டிட்டு இருந்துச்சு, அது பொண்ணு. கீழ வேருப் பக்கம் உருண்டை உருண்டையா இருந்தது ஆணு. ஒரு சொட்டு தண்ணி விட்டு காத்திருந்தா உருண்டை வெடிச்சு சுருள் கம்பி மாதிரி ஒண்ணு (அதுதான் ஆண் அணு) பொண்ணத் தேடி சுத்திச் சுத்தி ஓடுது, பம்பரம் சாயுறப்ப சுத்துமே அந்த மாதிரி. ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர்தான் போகணும், ஆனா நீந்தித்தான் போகணும், நடக்க முடியாது. நான் அஞ்சு மாசமா ஆத்தையே தொடச்சு எடுத்துட்டு இருந்திருக்கேன்.

இது பதினொண்ணாவது புஸ்தகத்துல சந்ததி மாற்றம்னு படம் போட்டு அம்புக்குறி போட்டு இருக்குற சமாச்சாரம்தான், நானும் படிச்சு பாஸ் பண்ணவன்தான். தண்டு இலைன்னு நாம பாக்குற பெரணி ஒரு தலைமுறை, அது போடுற ஸ்போருல இருந்து வர்ற இதயம் தனியா ஒரு தலைமுறை, அது தனியா வேரூன்றி தனியா பொழைக்குற செடி, கல்யாணம் நடக்குறது அதுலதான். சுவத்துப் பாசியில (மாஸ்), லிவர்வொர்ட்ல நாம பாக்குற பச்சை பூராவும் இந்த ரெண்டாவது ஆளு. மாமரம், காப்பிச் செடின்னு வந்தா அந்த ஆளு சுருங்கிச் சுருங்கி மகரந்தத்துக்குள்ளயும் சூலுக்குள்ளயும் போயி ஒளிஞ்சுக்கிட்டான், அதனால விதை போட்டுப் பழகுன நமக்கு அவன் இருக்குறதே தெரியாது. செடி தரைக்கு வந்து 45 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா பெரணி இன்னமும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் தண்ணியில எறங்கியாகணும். இந்த மொத்தக் கணக்கையும் 1851-லயே போட்டவரு ஹோஃப்மைஸ்டர்னு ஒரு ஜெர்மன்காரர், லைப்சிக்ல அப்பாவோட இசைப் பதிப்புக் கடையில வேலை பாத்துக்கிட்டே தானா கத்துக்கிட்டவரு. அவருகிட்ட செட்டாப் பாக்ஸும் கிடையாது.

பண்ணது இதுதான். மழைத்தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சு, டப்பாவ லேசா சாய்ச்சு ஓரமா ஊத்தி, இதயம் எல்லாம் 2 மி.மீ. தண்ணியில நனையுற மாதிரி அரை மணி நேரம் விட்டு, அப்புறம் வடிச்சிட்டேன். வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு வாரம். நடுநாள்ல ஸ்ப்ரே. மூடிய தொடைக்குறத நிறுத்தியாச்சு. கூடவே கம்பளத்த கலைச்சேன், நெருக்கமா இருந்தா பல பெரணிகள்ல முக்காவாசி இதயம் ஆணாவே நின்னுருமாம், அதனால பழைய கத்தியால 1 செ.மீ. சதுரம் சதுரமா வெட்டி இட்லித்தட்டுல ஊத்துன மாதிரி இடைவெளி விட்டு வேற டப்பாவுல ஒட்டுனேன். மூணு டப்பாவுக்குத்தான் இதெல்லாம். நாலாவது டிவிக்குப் பின்னாடி கெடந்ததுல மறந்தே போயிருச்சு, வேணும்னு பண்ணல, ஆனா அதுதான் சாட்சி, டிசம்பர் வரைக்கும் அதுல ஒண்ணு கூட வரல.

நவம்பர் 4, 2023. ஒரு இதயத்தோட பள்ளத்துல இருந்து ஒரு பச்சை நூலு, நூலு நுனியில 3 மி.மீ.ல விசிறி மாதிரி ஒரு இலை. பெரணி மாதிரியே இல்ல, கொத்தமல்லி முளைக்குறப்ப வர்ற மாதிரி. மறுபடியும் வேற எதையோ வளர்க்குறேனான்னு பயந்துட்டு குரூப்புல போடல. மூணாவது இலையிலதான் பெரணி மொகம் வந்துச்சு. பொங்கலுக்கு எண்ணுனா ரெண்டு டப்பாவுல 140 சொச்சம், மூணாவதுல பத்து பதினஞ்சு, அத கணக்குல சேக்கல. அடியில இருந்த இதயம் தானா பழுத்து காஞ்சு போயிருது.

இதுக்கு அப்புறம் பண்ணது பூரா அவசரக்குடுக்கைத்தனம். 2024 மார்ச்ல செடி 3, 4 செ.மீ. வந்ததும் புரோ ட்ரேக்கு (நாத்து வளர்க்குற குழித்தட்டு) மாத்தி மூடிய ஒரேயடியா எடுத்துட்டேன். மார்ச்ல கொடைக்கானல் காத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா என்ன, உதடு வெடிக்குற காத்து. ரெண்டு நாள்ல 100க்கு மேல சுருண்டு கருகிருச்சு. அதுக டப்பாவுக்குள்ள நூறு சதவீத ஈரத்துல பொறந்து வளந்ததுக. மிச்சம் இருந்த முப்பத்தி ஒண்ணையும் ஓடி ஓடி திரும்ப டப்பாவுக்குள்ள வச்சேன். அப்புறம் புத்தி வந்து, ஊதுவத்திய பத்த வச்சு மூடியில மூணு நாளைக்கு ரெண்டு ஓட்டைன்னு போட்டுக்கிட்டே வந்தேன், இருபது ஓட்டை ஆனப்ப மூடிய பாதி திறந்தேன், ஒரு வாரம் கழிச்சு முழுசா. இதுல ஒண்ணு கூட சாகல. பின்னாடி ஒத்தைக் கொம்பன் மாதிரி ஒரு நத்தை, ஓடு இல்லாதது, ஒரே ராத்திரியில பத்தைத் தின்னுச்சு, அது வேற கணக்கு. இப்ப பையில 19, நெலத்துல 1, நட்டு செத்தது 1.

செத்தது என் தப்புதான். ஜூன்ல மழை புடிச்சதும் பழைய முண்டத்துக்குப் பக்கத்துல ஒண்ணு, பத்தடி தள்ளி வெட்டவெளியா ஒண்ணு நட்டேன். முண்டத்துக்குப் பக்கத்துல இருந்ததுக்கு மேல மரத்து நிழல் இருக்கு, பனி நேரா விழாது. மத்ததுக்கு ராத்திரி சாக்கு போத்திக்கிட்டு இருந்தோம், கிறிஸ்துமஸ் சீசன்ல ரூம் பூரா ஃபுல்லு, ரெண்டு ராத்திரி மறந்துட்டோம், காலையில பாத்தா வேக வச்ச கீரை.

செலவு எழுதி வச்சிருக்கேன். லென்ஸ் 180, குக்கர் 350, தெர்மாமீட்டர் 150, டப்பா ரெண்டு தடவையா 20க்கு 160, கோகோபீட் அஞ்சு கிலோ கட்டி 220 (முக்காவாசி அப்படியே இருக்கு), பல்பும் ஹோல்டரும் 170, ஸ்ப்ரே பாட்டில் 60, புரோ ட்ரே ரெண்டு 50, நர்சரிப் பை 40. மொத்தம் 1,380. தாண்டிக்குடிக்கு ரெண்டு தடவ பெட்ரோல் போட்டதையும் கரண்ட் பில்லையும் சேக்கல. ஒரு செடிக்கு 69 ரூபா விழுது, 20 செடிக்கு. மூணரை வருஷத்துக் கூலிய யாரும் கேக்காதீங்க.

அடுத்த தடவைக்கு மாத்தப் போறது: விதைக்குறது மார்ச் கடைசியில, சூடு தானா கிடைக்கும், இதயம் வர்றப்ப தென்மேற்குச் சாரல் ஆரம்பிச்சிருக்கும். இதயத்துல பள்ளம் நல்லா தெரிஞ்ச மறுவாரமே தண்ணிய விட்டுருவேன், ஒரு நாள் கூட காக்க மாட்டேன். டப்பா மூடியில முதல்லயே ரெண்டு ஓட்டை போட்டு மைக்ரோபோர் டேப் (ஆஸ்பத்திரியில கட்டுக்கு ஒட்டுற, காத்து போற டேப்) ஒட்டிருவேன், ஈயும் வராது, பின்னாடி பழக்கவும் சுலபம். ஆறு டப்பாவும் வேணாம், மூணு போதும், ஒண்ணுல அளவா தூவுனாலே நூறு வரும். அப்புறம் இலைமக்கு கிடையவே கிடையாது, பையில மாத்துற வரைக்கும்.

பைய இறக்கி வைக்க மாமா கீழ சரிவுல பந்தல் ஒண்ணு போட்டுத் தந்திருக்காரு, 50 பர்சென்ட் பச்சை வலை. போன வாரம் ஈபி ஆபீசுக்கு அவரே நேர்ல போயி, ஓடைக்கு மேல போற வயர ரெண்டு போஸ்ட் தள்ளி மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. செடி இப்ப 24 செ.மீ. தான் இருக்கு, வயரு எவ்வளவோ மேல போகுதுன்னு சொன்னேன். "அன்னைக்கும் இப்படித்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தோம் மாப்ள" அப்படின்னுட்டுப் போயி சாக்க எடுத்துட்டு கீழ எறங்குனாரு, மணி அஞ்சாயிருச்சு.